புலவர் நஞ்சப்பனின் தலைக்கனம்

புலவர் நஞ்சப்பனின் வாய் ஒன்று சொன்னால் தலை வேறொன்று சொல்லும். வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று வாய் வரவேற்கும். தலை "வேண்டாம், வேண்டாம்" என்று இடமும் வலமுமாக ஆடும். கல்யாணப் பந்தியில் "இன்னொரு கரண்டி பாயசம் போடட்டுங்களா?" என்று கேட்பவன் அந்தத் தலையைப் பார்த்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவான். புலவருக்கோ பாயசம் என்றால் உயிர். பத்து வருடமாக அவருக்குக் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போன பாயசத்தை அண்டாவில் ஊற்றினால் ஊருக்கே விருந்து வைக்கலாம்.

இந்தத் தலைநடுக்க நோயால் லாபம் அடைந்தவர் ஒரே ஒருவர்தான், அவர் மனைவி சம்பூர்ணத்தம்மாள். சேலை எடுக்கப் போகும்போது கணவரைக் கடைக்காரர் எதிரில் உட்கார வைத்துவிடுவார். விலையைச் சொல்லச் சொல்லப் புலவரின் தலை மறுத்துக்கொண்டே இருக்கும். கடைக்காரர் தானாகவே இறங்கி வருவார்.

வேடிக்கை அதோடு சரி. வயதோடு நடுக்கமும் வளர்ந்தது. புத்தகத்தைத் திறந்தால் வரிகள் ஓடின. சலூன்காரர் கழுத்தருகே கத்தியைக் கொண்டுபோகப் பயந்தார். பொழுதுக்கும் ஆடிய கழுத்து படுத்தால் வலித்தது. கொங்கு வட்டாரத்தில் பட்டிமன்றம் என்றால் நடுவர் நாற்காலி புலவருக்குத்தான் என்று ஒரு காலம் இருந்தது. அந்த நாற்காலியில் அவர் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த புதுப் பேச்சாளர்கள், தாங்கள் சொல்வதை நடுவர் மறுக்கிறார் என்று எண்ணி, பேச்சின் பாதியிலேயே எதிர்க்கட்சிக்குத் தாவிய கதையெல்லாம் உண்டு.

இந்தத் தலையைத்தான் டாக்டர் கோதைநாயகியிடம் கொண்டு வந்தார்கள். கோவையில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு மூளை ஆராய்ச்சி மையத்தில் கோதை விஞ்ஞானி. கரூர்க்காரி. ஸ்விட்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் நீண்ட நாள் படித்து, வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். நடுக்கத்தை மின்சாரத்தால் அடக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தாள். அதற்கு 'நிதானம்' என்று பெயரும் வைத்திருந்தாள்.

"தலைக்குள்ள கம்பி உடறீங்களாமா. என்ற தமிழ் ஒண்ணும் கொட்டிப் போயிறாதுங்களே?" என்று கேட்டார் புலவர்.

"ஒரு எழுத்துக்கூடக் கொட்டாதுங்க. மரத்துல கட்டின தூரி, ஊஞ்சல், ஆடுது, நிறுத்தணும். என்ன பண்ணுவீங்க?"

"எதுக்க வர்றப்ப ஒரு தட்டுத் தட்டினா நின்னுரும்."

"அவ்வளவுதான். உங்க மூளைக்குள்ள ஒரு தூரி ஓயாம ஆடுது. இந்தக் கருவி அதைக் கவனிச்சிட்டே இருக்கும். ஆட ஆரம்பிச்சதும் எதுக்க ஒரு சின்னத் தட்டு. மத்த நேரம் சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கத் தெரியுமா அதுக்கு? அப்ப என்னையவிட ஞானிதான்," என்றார் புலவர். அவர் தலை மட்டும் "இல்லை, இல்லை" என்றது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தலைக்குள் மெல்லிய கம்பி, நெஞ்சுத் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அணைக்கவும் எழுப்பவும் கையில் ஒரு ரிமோட். கோதை பித்தானை அழுத்தினாள். புலவரின் தலை ஒரு குலுங்கு குலுங்கி, நின்றது. அப்படியே நின்றது. அவர் பக்கத்திலிருந்த செய்தித்தாளை எடுத்து, தலைப்புச் செய்தியில் தொடங்கி வரிவிளம்பரம் வரை ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"கண்ணாலம் ஆன புதுசுல பாத்தாப்ல என்னைய நேராப் பாக்கறாருங்க," என்று சம்பூர்ணத்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோதை கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு குதி குதித்துவிட்டு, முகம் கழுவி, ஒன்றும் நடக்காதவள் போல் வெளியே வந்தாள். நிதானம் குடியேறிய முதல் தலை அது. அந்த முதல் தலை 'நல்லாருக்கு' என்றால்தான் வரிசையில் காத்திருக்கும் மற்றத் தலைகளுக்கு அனுமதி கிடைக்கும்.

ஒரு மாதம் கழித்துப் புலவர் வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"இத அணைச்சுப் போட்டுருங்க டாக்டரம்மா."

கோதை நாற்காலியை விட்டு எழுந்தாள். "ஏனுங்க? வலிக்குதுங்களா?"

"வலியுமில்ல, ஒண்ணுமில்ல. படிக்கறேன், தூங்கறேன். நேத்து சலூன்ல தெகிரியமாக் கழுத்த நீட்டிட்டு உக்காந்திருந்தேன்."

"அப்புறம் என்னங்க?"

"இவருக்குத் தலைக்கனம் வந்துருச்சாமாங்க," என்றார் சம்பூர்ணத்தம்மாள்.

கோதை சிரித்துவிட்டாள். "உள்ள இருக்கற கம்பி ஒரு கிராம்கூட இல்லீங்கம்மா."

"நீங்க சிரிக்கறீங்க. ஊரே அப்படித்தான் பேசுது. என்ற தம்பி கவுந்தப்பாடியில இருக்கறான். பேத்திக்குக் காதுகுத்து வெச்சிருக்கறான். தாம்பாளத்தோட வந்து, 'மாமா, நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும்'ங்கறான். இவரு கல்லாட்டம் உக்காந்திருக்கறாரு. 'உங்க பேத்தியாட்டம் நெனச்சுக்குங்க மாமா'ங்கறான். அப்பவும் கல்லு. அவனுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. காப்பிகூடக் குடிக்காமப் போயிட்டான்."

"வர்றேன்னு வாயால சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனே!" என்றார் புலவர் பரிதாபமாக. "'வர்றேன் மாப்ள'ன்னு தெளிவாச் சொன்னேன். கோர்ட்டுல சாட்சி சொல்றாப்ல இருந்துச்சாமா."

கோதை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். புலவரின் குரல் இறங்கியது.

"ஒரம்பரை, சொந்தபந்தம் கோவிச்சா நாளைக்குச் சேர்ந்துக்கும். மேடைதானுங்க கஷ்டம். தேனரசின்னு ஒரு புள்ள, என்ற கூடவே பேசிப் பேசி வளந்தவ. போன வாரம் அன்னூர்ல பேசிட்டிருக்கறப்பவே பாதியில நின்னுருச்சு. கீழ எறங்கி அழுகுது. என்ன கண்ணுன்னா, 'நான் நல்லாப் பேசலைங்களா ஐயா, நீங்க ஒரு தடவகூடத் தலையாட்டலையே'ங்குது. முந்தி இந்தத் தலை 'இல்ல, இல்ல'ன்னு ஆடுனப்பக்கூட எடையில எடையில அந்தப் புள்ளைக்கு வேண்டிய ஆட்டு கெடச்சிருக்குது. இப்ப ஒண்ணுமே கெடைக்கறதில்ல."

"'நல்லாருக்கு'ன்னு வாயத் திறந்து சொன்னா என்னங்க?"

"ஒருத்தர் பேசறப்ப நடுவன் வாயத் தொறந்தா அதுக்குப் பேரு குறுக்கீடுங்க. தலைய அசைச்சா, அது தாங்கல். கோயில் நோம்பிக்குத் திருப்பூர்ல பட்டிமன்றம் இருக்குது. விழாக் குழுவுல வேற நடுவரப் பாக்கலாமான்னு பேசிக்கறாங்களாமா. அதுக்குள்ள என்ற தலைய எனக்குத் திருப்பிக் குடுங்க. முடியலீன்னா அணைச்சுருங்க. ஆடுற தலையோடயே மேடையேறிக்கறேன். படிப்புப் போனாப் போகுது."

சொல்லிவிட்டார். ஆனால் கக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது. பேசி முடிக்கிற வரைக்கும் அவர் கை அதன் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த கோதைக்கு மனசு கேட்கவில்லை.

கோதையின் ஆய்வகத்தில் பொறியாளர் பர்வீன். உக்கடத்துப் பெண். கணினித் திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்தே ஆளின் மனநிலையைச் சொல்லிவிடுவாள், தப்பாகச் சொன்னாலும் அழுத்தமாகச் சொல்வாள். புலவரைக் கருவியோடு இணைத்து உட்கார வைத்தார்கள்.

"ஆமான்னு ஆட்டுங்க ஐயா."

மேலும் கீழும் ஆட்டினார். ஆடியது.

"இல்லைன்னு ஆட்டுங்க."

இடமும் வலமும் ஆட்டினார். அதுவும் ஆடியது. கோதையும் பர்வீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

"செரி, விடுங்க. ஐயாவுக்கு ஒரு டீ சொல்லட்டுங்களா?" என்றாள் பர்வீன்.

"சொல்லு அம்மிணி," என்றார் புலவர். திரையில் ஒரு கோடு துள்ளி எழுந்தது. எழுந்த வேகத்தில் நிதானம் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்தது.

பர்வீன் திரையை உற்றுப் பார்த்தாள். "சர்க்கரை கம்மியாங்க ஐயா?"

"ம்." மறுபடியும் கோடு எழுந்தது. மறுபடியும் தட்டு.

"மேடம்!" பர்வீன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "இது நோய் இல்ல மேடம். இது நம்மூரு 'செரிங்க'!"

கோதைக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். மேலும் கீழுமாகவும் இல்லாமல், இடமும் வலமுமாகவும் இல்லாமல், தோளுக்குத் தோள் லேசாகச் சாய்கிற அந்த ஆட்டம். சரி, ஆகட்டும், கேட்டுக்கிட்டேன், உங்க இஷ்டம், பார்க்கலாம் என்று பத்துப் பொருள் உள்ள ஆட்டம். அதன் வேகமும் அளவும் கிட்டத்தட்ட நடுக்கத்தைப் போலவே இருக்கும். கருவி ஏமாந்துவிட்டது.

"இதுக்கு எந்த ஊர்ல பாடம் சொல்லிக் குடுத்தீங்க மேடம்?"

"சூரிச்ல. ஆரோக்கியமான தலை எப்படி இருக்கும்னு நாப்பது பேரைப் பதிவு பண்ணி அதுக்குக் காட்டினோம்."

"அங்க 'ஆமா'வுக்கு ஒரு ஆட்டு, 'இல்லை'க்கு ஒரு ஆட்டு. ரெண்டே கட்சி. நம்மாளு மூணாவது அணி. டெபாசிட் காலி."

"அப்படிச் சொல்லாத," என்றாள் கோதை, கொஞ்சம் ரோஷத்தோடு. "எல்லாரும் வெள்ளைக்காரங்க இல்ல. பதினேழாம் நம்பருக்குத் தாய்மொழி தமிழ்னு போட்டிருக்கு."

பர்வீன் பதினேழாம் நம்பரைத் திறந்தாள். ஒரு மணி நேரப் பதிவு. கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல் நேராகக் கிடந்தது. ஓர் அசைவு இல்லை.

"யாரு மேடம் இந்த ஆத்மா? ஐஸ் பெட்டிக்குள்ள உக்கார வெச்சுப் பதிவு பண்ணாங்களா? தமிழாளு ஒரு மணி நேரம் தலையாட்டாம இருக்கறதாவது!"

பேர் இல்லை, எண் மட்டும்தான். சூரிச்சில் கோதையின் பழைய பேராசிரியர் உர்சுலா இருக்கிறார். ஆராய்ச்சியில் பாதிப் பங்கு அவருடையது. கேட்டால் சொல்வார். ஆனால் இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. நோம்பி நெருங்கிக்கொண்டிருந்தது. நம்மூர்த் தலையாட்டலைப் பதிவு செய்து கருவிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

திருப்பூர் பனியன் துணியில் நெற்றிப் பட்டை தைத்து, அதற்குள் உணரியை வைத்து, முதலில் ஆய்வகத்து ஊழியர்களுக்கே கட்டினார்கள். "செரின்னு தலையாட்டுங்க" என்றாள் பர்வீன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் போல் எல்லாரும் விறைத்துப் போனார்கள். கணக்கர் நாதமுனி மேலும் கீழும் ஆட்டினார். காவலாளி கழுத்தைச் சுற்றி உடற்பயிற்சி செய்தார். ஆட்டு என்றால் ஒருத்தருக்கும் அது வரவில்லை.

"இங்க உக்காந்து ஆட்டச் சொன்னா எப்படி ஆடும்?" என்றார் சம்பூர்ணத்தம்மாள். "காதுகுத்துக்கு வாங்க. பந்தலுக்குள்ள ஆடாத தலையே இருக்காது."

அப்படித்தான் ஒரு மூளை ஆராய்ச்சி கவுந்தப்பாடிக்குப் போனது. கிடாய் வெந்துகொண்டிருந்த வாசனையில் பர்வீன் பாதி விஞ்ஞானத்தை மறந்துவிட்டாள். கோதை பந்தலில் நின்று, எதற்காக வந்திருக்கிறோம், எதைப் பதிவு செய்யப் போகிறோம் என்று விளக்கி, எல்லாருக்கும் சம்மதமா என்று கேட்டாள். பந்தலே அழகாகத் தலையை ஆட்டியது. பட்டைகள் இன்னும் பைக்குள்தான் இருந்தன.

"போச்சு, போச்சு! நல்ல அறுவடை போச்சு!" என்று பர்வீன் புலம்பினாள்.

பட்டையைக் கட்டிய பிறகு குறையில்லை. பெண்கள் பேசினால் ஆடியது, பூசாரி சொன்னால் ஆடியது, சாப்பிடக் கூப்பிட்டால் பலமாக ஆடியது. பர்வீன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பின்னாலேயே ஓடிப்போய்ப் பொருள் கேட்டாள்.

"பெரியப்பா, இப்ப அவரு பந்திக்குக் கூப்பிட்டதுக்கு ஆட்டினீங்களே, அது வர்றேனா, வரலையா?"

"நான் எங்க ஆட்டினேன்?" என்றார் பெரியப்பா.

அடுத்தவரும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த அத்தை, "நானா? ஆட்டவே இல்ல கண்ணு," என்று சொல்லும்போதே ஆட்டினார். ஆட்டியதே தெரியாதவர்களிடம் பொருளை எங்கே கேட்பது? பர்வீன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கோதை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்திருந்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டது. தாய்மாமன் அதன் காதில் என்னவோ சொன்னார். அழுகைக்கு நடுவிலேயே அந்தச் சின்னத் தலை தோளுக்குத் தோள் ஒரு தடவை சாய்ந்தது. பேச்சுக்கூட இன்னும் சரியாக வராத குழந்தை.

கோதை எழுந்து பர்வீனிடம் ஓடினாள். "பொருள் வேண்டாம் பர்வீன். விட்டுத்தள்ளு. எப்ப ஆடுதுன்னு மட்டும் பாரு."

"எப்ப?"

"எதிர்ல இருக்கற ஆளு பேசி ஒரு மூச்சு விடும்போது. அப்ப மட்டும். தனியா உக்காந்திருக்கற ஒருத்தர் தலையாவது ஆடுதா பாரு."

பர்வீன் மடிக்கணினியில் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

"நடுக்கம் தனியாவும் வரும்," என்றாள் கோதை. "இது தனியா வராது. இதுக்கு எதுக்க ஒரு ஆள் வேணும். நாம கருவிக்குத் தலையை மட்டும் கவனிக்கச் சொல்லிக் குடுத்துட்டோம். அதுக்கு ஒரு காது வேணும்."

காது வைப்பது பர்வீனுக்குப் பெரிய காரியமில்லை. புலவரின் காதுமடலுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு ஒலிவாங்கி. யாராவது பேசி நிறுத்தினால் அது நிதானத்துக்குச் சொல்லும், நிதானம் கண நேரம் கையை எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் தலை என்ன செய்ய நினைக்கிறதோ செய்துகொள்ளலாம். அவ்வளவுதான்.

"மத்தியானத்துக்கு ரசம் மட்டும் போதுங்களா?" என்று கேட்டார் சம்பூர்ணத்தம்மாள்.

புலவரின் தலை மெல்ல, அழகாக, தோளுக்குத் தோள் சாய்ந்தது. இருவரும் அசந்துபோய் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இன்னொருக்காக் கேளு," என்றார் புலவர். அம்மாள் ரசத்தைப் பற்றி இன்னும் நாலைந்து தடவை கேட்டார். நாலைந்து தடவையும் ஆடியது.

"வீட்டுக்குள்ள ஆடுறது வேற, மேடையில ஆடுறது வேற," என்றார் அம்மாள் திருப்பூருக்குக் கிளம்பும்போது. "ரிமோட்டு என்ற பையிலதான் இருக்கும். இவரு மானம் போறாப்ல இருந்தா அமுக்கி அணைச்சுருவேன், ஆமா."

திருப்பூரில் கல்யாண மண்டபம் நிறைந்து வழிந்தது. 'இல்லறம் இனிக்கப் பெரிதும் தேவை பேசும் வாயே, கேட்கும் காதே' என்று தலைப்பு. விழாக் குழுத் தலைவர் கடைசியில் புலவரையே நடுவராகப் போட்டிருந்தார், ஆனால் அரை மனதோடு. வேறொரு நடுவரையும் சும்மா வரச் சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். அந்த மனிதர் சந்தனப் பொட்டும் ஜரிகைத் துண்டுமாக, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, தயாராக இருந்தார்.

தொடங்கியதும் விபரீதம். ஒலிபெருக்கிக்காரர் பாட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். தலைவர் பொன்னாடையோடு புலவரை நெருங்கி, "ஐயா அவர்களை இந்த மேடை தலைவணங்கி வரவேற்கிறது" என்றார். புலவரின் தலை "இல்லை, இல்லை, இல்லை" என்று வேகமாக ஆடத் தொடங்கியது. பழைய நடுக்கம். தலைவர் பொன்னாடையோடு திகைத்து நின்றார். முன்வரிசைத் தோழர் துண்டைச் சரிசெய்தார். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

கீழே உட்கார்ந்திருந்த கோதை பர்வீன் பக்கம் திரும்பினாள். பக்கத்தில் சம்பூர்ணத்தம்மாள் கைப்பைக்குள் கையை விட்டுவிட்டார்.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம், உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்," என்று கோதை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பர்வீன்! என்னாச்சு?"

மடிக்கணினியை மடியில் வைத்திருந்த பர்வீனுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. "பாட்டு மேடம்! பாடறவரு ஒவ்வொரு வரிக்கும் மூச்சு விடறாரு. நிதானம் ஒவ்வொரு தடவையும் பேச்சு முடிஞ்சுதுன்னு நெனச்சுக் கையை எடுக்குது!" என்றவள் நாற்காலி மேலேயே ஏறி நின்று, மண்டபம் அதிரக் கத்தினாள்: "அண்ணா! பாட்ட நிறுத்துங்கண்ணா!"

யாரோ ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார்கள். மண்டபம் அமைதியானது. புலவரின் தலை நின்றது. தலைவர் தட்டுத் தடுமாறி, "ஐயா, பொன்னாடை போத்தலாங்களா?" என்று கேட்டார். புலவரின் தலை தோளுக்குத் தோள் இதமாகச் சாய்ந்தது. கூட்டம் கை தட்டியது. சம்பூர்ணத்தம்மாள் பையிலிருந்து கையை எடுத்து, அதோடு வந்த ஒரு கமர்கட்டைக் கோதையிடம் கொடுத்தார்.

தேனரசி காதுக்கட்சி. முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் நடுவரைப் பார்த்தாள். நடுவரின் தலை ஆடியது. இரண்டாவது வாக்கியம். மறுபடியும் ஆடியது. அப்புறம் அந்தப் பெண்ணைப் பிடிக்க ஆளில்லை. வெளுத்து வாங்கிவிட்டாள். வாய்க்கட்சிக்காரர் பேசும்போதும் நடுவரின் தலை அதே அன்போடு ஆடியதால், யாருக்குத் தீர்ப்பு என்று கடைசி வரை ஒருவராலும் கணிக்க முடியவில்லை.

"வாய் பெருசுன்னாங்க. காது பெருசுன்னாங்க," என்று புலவர் எழுந்தார். "நாம பேசறது அடுத்தவனுக்குள்ள போச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? காது கேட்டுச்சுன்னு காது சொல்லுமா? அதச் சொல்றது எது?"

கூட்டத்தில் சிலர் புரிந்துகொண்டு சிரித்தார்கள்.

"ஒரு மாசம் என்ற தலை ஆடாம நின்னுதுங்க. வாய் இருந்துச்சு, காது இருந்துச்சு, ஒரு கொறையும் இல்ல. கட்டினவளுக்கே நான் அன்னியமாப் போயிட்டேன். அதனால இல்லறம் இனிக்கத் தேவை வாயுமில்ல, காதுமில்ல. 'நீ சொல்றது என்ற மனசுல விழுந்துருச்சு கண்ணு'ன்னு ஆடுது பாருங்க, அந்தத் தலை! இதுவே தீர்ப்பு!"

மண்டபம் இடிந்துவிடும் போலிருந்தது. முன்வரிசைத் தோழர்கூடத் துண்டை வீசிக் கை தட்டினார். மண்டபம் முழுக்க ஆடிய தலைகளை எண்ணியிருந்தால் நாற்பது சூரிச்சுகளுக்குப் போதும். அன்றைக்குப் பட்டை கட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

விருந்தில் புலவருக்கு மூன்று கரண்டி பாயசம் விழுந்தது. ரிமோட்டை என்ன செய்வது என்று சம்பூர்ணத்தம்மாள் கேட்டதற்கு, "பீரோவுல வெச்சுப் பூட்டிரு. சாவியத் தொலைச்சுரு," என்றார்.

மறுநாள் மதியம் சூரிச்சிலிருந்து பேராசிரியர் உர்சுலா திரையில் வந்தார். வெள்ளை முடி, கையில் பெரிய காப்பிக் கோப்பை, எதையும் சுற்றி வளைக்காத பேச்சு. பட்டிமன்றக் காணொளியை மூன்று முறை பார்த்ததாகவும், ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும் அழுததாகவும் சொன்னார்.

"பேராசிரியரே, ஒன்று கேட்க வேண்டும்," என்றாள் கோதை. "நம் நாற்பது பேரில் பதினேழாம் நம்பர் யார்? தமிழாள். தலை ஒரு தடவைகூட அசையவில்லை. எங்கே பிடித்தோம் அவரை?"

உர்சுலா கோப்பையைக் கீழே வைத்தார். "உனக்கு நினைவில்லையா? நீ வந்த முதல் குளிர்காலம். பதிவுக்கு ஒரு தலை குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆய்வகத்தில் யாருமில்லை. நீயே பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய்."

கோதைக்கு நினைவு வந்தது. ஜன்னலில் பனி கொட்டியது, வெந்நீர்க் குழாய் முனகியது, ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது எல்லாம் வந்தது. அந்த நாட்களில் அவள் எதற்காவது தலையாட்டினால், "கோதை, ஆமாவா, இல்லையா?" என்று சக மாணவர்கள் சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனாலும் கூச்சமாக இருக்கும். கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பழகினாள். அன்றைக்கோ இறுக்க வேண்டிய தேவைகூட இல்லை. பேச ஒருவரும் இல்லாத அறை அது. ஆளில்லாமல் தனித்துக் கிடந்த அந்தத் தலையைக் காட்டித்தான், இதுதான் ஆரோக்கியம் என்று கருவிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பனிக்காலத்துப் பெண்ணை நினைத்துக் கோதைக்கு அழுகையாக வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. பர்வீன் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, கேள்," என்றார் உர்சுலா. "இனிக் கருவி வைக்கப்போகும் நோயாளிகள் எல்லாருக்கும், சூரிச்சில் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்து, அந்தக் காதை வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இங்கேயும் மனிதர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கத்தானே செய்கிறோம்? பதினேழாம் நம்பரை எடுத்துவிட்டு, உன்னைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். இந்த முறை கூட்டத்தோடு உட்கார்ந்துகொள். சம்மதமா?"

உர்சுலா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து கண்ணைச் சுருக்கினார்.

"கோதை, அது ஆமாவா, இல்லையா?"

பர்வீன் விழுந்து விழுந்து சிரித்தாள். "மேடம், ஆட்டறீங்க!"

"நான் எங்க ஆட்டினேன்?" என்றாள் கோதை.